பஸ் இரண்டு இடத்தில் நின்ற மாலை

1. இரண்டு போன்கள்

அன்று மாலை என் போனில் கல்லூரி பஸ் முப்பத்தெட்டாவது கொண்டை ஊசி வளைவில் நின்றது. பக்கத்துத் தோட்டத்து ராசு அண்ணன் போனில் அதே பஸ் மலை ஏறி முடித்து, சோளக்காட்டில் நின்றது.

அந்த ஆப் எங்கள் நிறுவனத்தினுடையது. பள்ளி, கல்லூரி பஸ்கள் எங்கே வருகின்றன என்று பெற்றோருக்குக் காட்டும். அதன் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அலுவலகம் கோயம்புத்தூரில்; நான் வேலை செய்வது கொல்லிமலை அரியூர் நாட்டில், எங்கள் மிளகுத் தோட்டத்து வீட்டில். என் மகள் கயலும் ராசு அண்ணன் மகன் மணியும் அந்த பஸ்ஸில்தான் தினமும் கல்லூரிக்குப் போய் வருகிறார்கள்.

மத்தியானத்திலிருந்து மழை. கயலின் போன் கிடைக்கவில்லை, டிரைவர் போனும் கிடைக்கவில்லை. மலைப்பாதையில் அது வழக்கம்தான்; பஸ் கூரையில் இருக்கும் ஜிபிஎஸ் கருவிக்கு மட்டும் பெரிய ஆன்டெனா, அதற்கு சிக்னல் எட்டும். ஆனால் பஸ் ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் நிற்பது வழக்கமில்லை.

எங்கள் வாசலுக்கு வந்த ராசு அண்ணன் தன் போனை நீட்டிக் காட்டினார்.

"ஏனம்மிணி, மூஞ்சிய எதுக்கு இப்புடி வெச்சிருக்கற? இங்க பாரு, சோளக்காடு வந்துருச்சு. டிரைவரு டீ குடிச்சுப்போட்டு மெதுவா வருவான்."

"எனக்கு இன்னும் வளைவுலயே நிக்குதுங்கண்ணா."

"நீ பண்ற ஆப்பு உனக்கே வேல செய்யலியாக்கும்! நல்லா வாங்குற போ சம்பளம்."

சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவர் போன் காட்டுவதுதான் சரி என்று நம்ப எனக்கு அவ்வளவு ஆசை.

2. பார்க்க மட்டும்

எங்கள் சர்வர்கள் இருக்கும் கிளவுட் கணக்கின் வெப் பக்கத்தைத் திறந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மழை பெய்தால் எங்கள் பக்கம் சிக்னல் ஒரு கோடுதான். அதனால் கமாண்ட் லைனுக்குப் போனேன். அங்கே படம் இல்லை, பட்டன் இல்லை. வருவது சில வரி எழுத்து. மெலிந்த சிக்னலிலும் அது வந்துவிடும். இந்த மலையிலிருந்து என்னால் இந்த வேலையைச் செய்ய முடிவதே அதனால்தான்.

லோடு பேலன்சர் என்பது போன்களிலிருந்து வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் இடம். எங்களிடம் ஏ, பி என்று இரண்டு சர்வர்கள். லோடு பேலன்சரின் அமைப்புகளைக் காட்டச் சொல்லும் கட்டளைக்கு 'டிஸ்க்ரைப்' என்று பெயர். அது காட்டும், எதையும் மாற்றாது. பயத்தில் இருப்பவர்களின் கை எதையாவது ரீஸ்டார்ட் செய்யத்தான் துடிக்கும். என் கையும் துடித்தது. அதை 'டிஸ்க்ரைப்' என்று டைப் செய்ய வைத்தேன்.

வரிகள் மெதுவாக இறங்கின. செஷன் அஃபினிட்டி போடப்பட்டிருந்தது. அதாவது, ஒரு போன் முதலில் எந்த சர்வருக்குப் போனதோ, திரும்பத் திரும்ப அதே சர்வருக்குத்தான் போகும். இரண்டு போன்கள் இரண்டு இடத்தைக் காட்டியதற்குக் காரணம் புரிந்தது: என் போன் ஒரு சர்வருக்கும் ராசு அண்ணன் போன் மற்றதற்கும் போகின்றன. அடுத்து இரண்டு சர்வர்களின் நிலையைக் கேட்டேன். இரண்டுமே 'ஹெல்தி'. அப்படியென்றால் எது பொய்?

சர்வர் நலமா என்று லோடு பேலன்சர் அவ்வப்போது செய்யும் ஹெல்த் செக் எந்தப் பக்கத்தைக் கேட்டுச் சோதிக்கிறது என்று பார்த்தேன். அந்த இடத்தில் வெறும் ஒரு சாய்கோடு. முகப்புப் பக்கத்தைத் தட்டிப் பார்க்கிறது, பதில் வந்தால் நலம் என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பிறகு இரண்டு சர்வர்களிடமும் தனித்தனியாக அந்த பஸ்ஸின் கடைசிப் பதிவைக் கேட்டேன். ஏ-யில் இருந்தது சற்று முன் வந்த பதிவு: முப்பத்தெட்டாவது வளைவு, வேகம் பூஜ்யம். பி-யில் இருந்தது சோளக்காடு. தேதி நேற்றையது. முந்தின நாள் மாலை, பஸ் சோளக்காட்டைத் தாண்டும்போது பி-க்கு வரும் தகவல் அறுந்துபோயிருக்கிறது. அதன்பின் கேட்டவர்களுக்கெல்லாம் அது நேற்றைய இடத்தையே சொல்லிக்கொண்டிருந்தது.

நல்ல செய்திதான் பொய்.

3. எடுத்துவிடுவது

மேனேஜர் சதீஷை அழைத்தேன். என்னைவிட வயதில் சின்னவர்.

"அக்கா, ரெண்டும் ஹெல்தின்னுதானே காட்டுது? அலர்ட் ஒண்ணும் வரலையே."

"பதில் சொல்லுதுன்னுதான் அதுக்கு அர்த்தம் சதீஷ். சொல்றது நேத்துப் பதில்."

"அப்ப பி-யை டிராஃபிக்ல இருந்து எடுத்துடுங்க. நான் இங்க பாத்துக்கறேன். பஸ் எங்கயாவது லேட்டா?"

"மலைப்பாதையில நிக்குது. என் பொண்ணு அதுல இருக்கா."

"எடுத்துட்டுக் கிளம்புங்கக்கா" என்றார்.

இனி எந்த போனையும் பி-க்கு அனுப்பாதே என்ற கட்டளையை டைப் செய்துவிட்டேன். என்டர் தட்ட விரல் வரவில்லை. கட்டளை தப்பில்லை. அதைத் தட்டினால் சோளக்காடு எல்லா போன்களிலிருந்தும் போய்விடும். மலை மேல் எத்தனை வீடுகளில் பிள்ளை வந்துவிட்டது என்று உலை வைத்திருப்பார்கள்?

தட்டினேன். சற்று நேரத்தில் வாசலில் ராசு அண்ணன் சத்தம்.

"அடி அம்மிணி! என்ன பண்ணித் தொலச்ச? வந்து சேந்த பஸ்ஸ எதுக்குக் கீழ எறக்கி உட்ட? பழையபடி வை!"

"அது நேத்து நின்ன இடமுங்கண்ணா. இன்னைக்கி பஸ்ஸு இன்னும் மேல வரலீங்க."

"எனக்குக் காட்டுச்சே!"

"காட்டுனது தப்புங்க."

அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் போய், முகம் வெளுத்தது. மழைக்கு மரம் ஏதாவது சாய்ந்திருக்கும் என்று ஓடிப்போய் மரம் அறுக்கும் மெஷினைத் தூக்கி பிக்கப்பில் போட்டார்.

"ஏறு கண்ணு" என்றார்.

4. வளைவில்

பஸ் நின்ற வளைவுக்கு மேலே, மண்ணோடு ஒரு காட்டு மரம் சாலையின் குறுக்கே சாய்ந்திருந்தது. முன்னால் கற்கள் உருள்வதைப் பார்த்து டிரைவர் முன்கூட்டியே நிறுத்திவிட்டார். பிள்ளைகள் கீழே இறங்கவும் பயந்து, உள்ளேயே இருக்கவும் பயந்து, உள்ளேதான் இருந்தார்கள்.

ராசு அண்ணன் கிளைகளை அறுத்து வழி செய்தார். ஒவ்வொருவராக மரத்தைத் தாண்டி வந்தார்கள். மணி வந்ததும் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "போனு எதுக்குடா வெச்சிருக்கற?"

"சிக்னல் இல்லீப்பா!" என்றான் அவன்.

கயல் என்னைப் பார்த்து, "மழையில நீ எதுக்கும்மா வந்த?" என்றாள். அவள் துப்பட்டா நுனியைப் பிடித்தபடி பிக்கப் வரை நடந்தேன். பஸ்ஸை அங்கேயே விட்டுவிட்டு டிரைவரும் பிள்ளைகளும் பிக்கப்பில் நெருக்கி ஏறினார்கள்.

விடிந்ததும் டிரைவர் போய்ப் பார்த்திருக்கிறார். மேட்டு மண் மேலும் சரிந்து, ஆளில்லாத அந்த பஸ்ஸின் ஜன்னல் வரை ஏறியிருந்ததாம். பி-யை அப்படியே விட்டிருந்தால் எல்லோரும் டீ போட்டுக்கொண்டு காத்திருப்போம். இதைத் தாண்டி என்னால் இன்னும் யோசிக்க முடியவில்லை.

இப்போது எங்கள் ஹெல்த் செக் முகப்பைத் தட்டுவதில்லை. கடைசிப் பதிவு எப்போது வந்தது என்று கேட்கும் தனிப் பக்கம் ஒன்று செய்திருக்கிறோம். பதிவு பழையதென்றால் அந்த சர்வருக்கு யாரையும் அனுப்பாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 'ஹெல்தி' என்ற சொல்லைப் படித்ததும் நிம்மதி அடையாதீர்கள். அது எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்று 'டிஸ்க்ரைப்' போட்டுப் பாருங்கள்.

ராசு அண்ணன் ஆப்பைத் திட்டுவதை விட்டுவிட்டார், நம்புவதையும் விட்டுவிட்டார். மழை நாளில் பஸ் நேரத்துக்கு என்னை அழைக்கிறார்.

"அம்மிணி, சோளக்காடுன்னு காட்டுது. இது நேத்துதா, இன்னைக்கிதா?"

"கொஞ்சம் இருங்கண்ணா" என்று லேப்டாப்பைத் திறக்கிறேன். என் போனிலும் சோளக்காடுதான் இருக்கும். இருந்தாலும் அந்தச் சில வரிகள் இறங்கி முடியும்வரை இருவரும் போனைக் காதிலேயே வைத்திருக்கிறோம்.

"இன்னைக்கிதுதானுங்க" என்கிறேன்.