எனக்கு ஃபார்மேட் வேண்டாம்

எனக்கு அம்மை போட்டபோது உடம்பு எரிச்சலைவிட ஃபார்மேட் பயம்தான் என்னைப் படுத்தி எடுத்தது. அதற்குக் காரணம் எங்கள் அக்கா.

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கிலேயே கம்ப்யூட்டர் படித்தவள் அவள் ஒருத்திதான். கரையான்சாவடி சென்டரிலிருந்து திரும்பியதும் அன்றைய கதையைச் சொல்லிவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவாள். ஒருநாள் யாரோ கொண்டுவந்த ஃப்ளாப்பியால் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்துவிட்டதாம். மாஸ்டர் ஃபார்மேட் செய்தாராம். வைரஸ் போயிற்று; கூடவே உள்ளே இருந்த அத்தனையும் போயிற்று.

அடுத்த வாரமே எனக்குக் கொப்புளம் கிளம்பியது. டாக்டர் எட்ட நின்று பார்த்து, "ஒண்ணுமில்லம்மா, வைரஸ்தான். தானா போயிடும்" என்றார். அம்மாவுக்கு நிம்மதி. எனக்கு இல்லை. போகிற வைரஸ் சும்மாவா போகும்?

மாசக் கடைசியில் அக்காவுக்கு வேலைக்கான இன்டர்வியூ. தொற்றிவிடக் கூடாதென்று அவளை முகப்பேர் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அவளே மறந்துபோய்விட்டால் என்ன செய்வேன்? வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபடி, தெரிந்ததையெல்லாம் ஒப்பிக்கத் தொடங்கினேன். அக்கா பெயர், வாய்ப்பாடு, பிறகு வேப்பம்பட்டிலிருந்து வரிசையாக ரயில் ஸ்டேஷன்கள்.

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இன்னா அண்ணி, ஆத்தா புள்ள மேல வந்து பேசிகினு கீறா! எம்பொண்ணுக்கு எந்தூரு மாப்ளன்னு கேளு!"

"திருநின்றவூர்" என்றேன், வரிசைப்படி. கற்பூரமே ஏற்றிவிட்டார்கள்.

சேதி முகப்பேருக்கு எப்படி எட்டியதோ, மறுநாள் அம்மா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்துவிட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு ஒட்டிக்காதா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குப் போட்டாச்சுடா. ஒருவாட்டி வந்தா திரும்ப வராது."

என் பயத்தைச் சொன்னேன். சிரிசிரியென்று சிரித்தாள். "மனுஷனை யாருடா ஃபார்மேட் பண்ணுவா, லூசு! உடம்பே வைரஸைத் தொரத்திடும். அதோட மூஞ்சிய ஞாபகம் வச்சுக்கிட்டு, மறுபடி வந்தா உள்ளயே விடாது."

அப்பாடா என்று இருந்தது. பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

மாசக் கடைசியில் அக்காவுக்குக் கொப்புளம் கிளம்பியது. அந்த இன்டர்வியூ கைநழுவியது. வேறு வேலை பிறகு கிடைத்தது. அதுவரை அவள் வீட்டோடு இருந்ததில் எனக்கு ஒரே கொண்டாட்டம். பாவம், எங்கள் அக்காவுக்கு மட்டும் இரண்டு தடவை அம்மை போட்டது என்று ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.