பஞ்சாலை மூட்டும் அடுப்புகள்

கித்தா மரத்தின் ரப்பர்ப் பால் பிடிக்கும் பீங்கான் மங்கில் தணற்கட்டிகளை ஏந்தி, முந்தானையால் காற்றை மறைத்தபடி, மாயாண்டியின் வீட்டுக்குள் குனிந்து நுழைகிறாள் பஞ்சாலை. மாயாண்டி அங்கில்லை. ரயில் பாதை போடுவதற்கென்று ஜப்பானியர் அவனைச் சயாமுக்குக் கொண்டுபோய் ஓராண்டுக்கு மேலாகிறது. அவன் அடுப்பு மட்டும் இருக்கிறது. அதன் முன் குந்தி, ஊதுகுழலை வாயில் வைத்தெடுத்து, "எரிஞ்சு தொலையேன். ஒன் மொதலாளி வந்தா என்னயத்தானே ஏசுவான்" என்று ஈர விறகைக் கடிந்துகொள்கிறாள்.

பகா பட்டணத்திலிருந்து உள்ளே, லாரித் தடமும் தேய்ந்து மறையுமிடத்தில் இருக்கிறது எங்கள் தோட்டத்து டிவிஷன். ஒரே லயம், பன்னிரண்டு வீடுகள். எஞ்சிய குடிகள் மூன்று. ஆடவரைச் சயாம் கொண்டது. பெண்டிர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, கிழங்கு நட மண் கிடைக்கும் இடம் தேடிப் போயினர். வெட்டுவாரற்ற கித்தா மரங்கள் வடு ஆறி நிற்கின்றன. லாலான் புல் வாசற்படி வரை வந்துவிட்டது.

பஞ்சாலைக்கு நாற்பது வயதிருக்கலாம். கணவன் மறைந்து நெடுங்காலமாயிற்று. ஒரே மகன் இராஜமாணிக்கமும் மாயாண்டி போன லாரியிலேயே போனான். கோணியில் தைத்த இரவிக்கையை அவள் பட்டுடுத்தியவளின் நிமிர்வோடு அணிகிறாள். கோயிலில் மூர்த்திகளுக்கு முறை வைத்துப் பூசிப்பார்போல, அந்திதோறும் ஆளில்லாத ஒரு வீட்டின் அடுப்பில் வரிசை பிறழாமல் உலை வைக்கிறாள். காரணம் கேட்டால், "பொக படலேன்னா பலகய செல்லு தின்னுரும்ல. வந்தவங்க எங்க படுப்பாங்க?" என்பாள். சமைத்து முடித்தபின் அவ்வீட்டாரை விளித்து, "அடுப்ப அணச்சிட்டேன்டி, நீலாவதி" என்று வெற்றுச் சுவரிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவாள்.

எதிர்க்கோடி வீட்டு ராக்கம்மாவுக்கு இது தீராத வேடிக்கை. சென்ற வாரம் ஓர் அந்தியிலும் கேட்டாள்:

"என்னக்கா, இன்னிக்கு யார் வீட்டு விருந்து?"

"நீலாவதி வீட்டுல. கெழங்குதான். ஆனா அவ அடுப்புல வெந்தா தனி ருசிடி."

"ஒரே பான, ஒரே கெழங்கு. ருசி மட்டும் வீட்டுக்கு வீடு மாறுதாக்கும்!"

"நாக்குன்னு ஒண்ணு இருக்கறவளுக்குத் தெரியும்."

"அது சரி. ஒன் வீட்டு அடுப்பு என்னக்கா பாவம் பண்ணுச்சு?"

"நாந்தான் அங்கயே படுத்துக் கெடக்கேனே. ஆள் இருக்கற வீட்டுக்கு எதுக்குப் பொக?"

மறுநாள் லாரி ஒன்று வந்தது. ஆளில்லாத வீடுகளின் கூரைத் தகரத்தைக் கழற்றி எடுத்துப் போக வேண்டுமென்பது உத்தரவு. வந்த ஜப்பான் அதிகாரிக்கு முன்னால், எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமி வியர்வையைத் துடைத்தபடி நடந்தார். எல்லாரும் கிழங்குக் காட்டில் வேலை செய்கிறார்கள், அந்தியில் திரும்பிவிடுவார்கள் என்று தமக்குத் தெரிந்த மலாயில் சொல்லிப் பார்த்தார். அதிகாரி வாய்ச்சொல்லை நம்புகிறவனல்லன். வீடுதோறும் அடுக்களைக்குள் புகுந்து பிரம்பால் அடுப்பைக் கிளறினான். எங்கும் உலர்ந்த புதுச் சாம்பல். சுவரில் மினுங்கும் கரி. ஒவ்வொரு வீடாகத் தலையசைத்துக் கடந்தான். நல்லசாமிக்கு மூச்சு வந்தது.

லயத்தின் கடைசி வீடு பஞ்சாலையுடையது. அதன் அடுப்பில் வெண்காளான்கள் குடை விரித்திருந்தன.

"கோசோங்?" என்றான் அதிகாரி. ஆளில்லாத வெற்று வீடா என்று மலாயில் கேட்கிறான்.

நல்லசாமி பஞ்சாலையைப் பார்த்தார். தன் வீடென்று அவள் சொன்னால், பிறகு எங்கே சமைக்கிறாய் என்று கேள்வி வரும். ஒன்பது வீட்டுச் சாம்பலும் ஒருத்தி கையால் விழுந்தது என்பது அப்போதே வெளியாகிவிடும்.

"கோசோங், துவான்" என்றாள் பஞ்சாலை. மண்டோரின் பக்கம் திரும்பித் தமிழில், "சொல்லுங்கண்ணே. எலிதான் குடியிருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

அவள் பானையும் அகப்பையும் அன்று நீலாவதியின் வீட்டில் இருந்தன. இங்கே மூலையில் ஒரு பாய். ஆணியில் மகனின் சட்டை. குடி போனவர் விட்டுப்போன பழந்துணி என்று எண்ணி, தகரம் கழற்ற வந்தவன் அச்சட்டையைச் சுருட்டி வாசலில் எறிந்தான். எவர் துணியோ என்பதுபோல அவள் அதன் பக்கம் திரும்பவில்லை. ஆணிகள் பிடுங்கப்படும் ஓசை ஓயும்வரை மரத்தில் சாய்ந்து நின்றாள். லாரியின் இரைச்சல் காட்டுக்குள் அடங்கிய பிறகே போய்ச் சட்டையை எடுத்தாள், மண்ணைத் தட்டினாள், இரண்டாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நல்லசாமி தலை தூக்கவில்லை. "என்னால ஆவலம்மா" என்றார்.

"ஒங்களால என்னண்ணே ஆவும்? ஒன்பது கூர நிக்குதே, அத பாருங்க."

ராக்கம்மா அழுதுகொண்டே வந்து கையைப் பிடித்தாள். "எங்க வீட்டுல படுத்துக்கக்கா."

"படுக்க வரேன்டி. நீ கொறட்ட விட்டா மட்டும் எந்திரிச்சு ஓடிருவேன்." சற்று நின்று, பஞ்சாலை தன் வீட்டை நோக்கினாள். உள்ளேயெல்லாம் வெயில். "ஆனா இனிமே இங்கயும் அடுப்பு மூட்டணும். கூர இல்லாத வீடு. பொகயும் இல்லேன்னா, நம்ம வீடு இல்லபோலன்னு அவன் பாட்டுக்குப் போயிருவான்."

மறுநாளே அவ்வீடும் முறையில் சேர்ந்தது. காளான்களைக் களைந்து, மங்கிலிருந்த தணலைக் கொட்டி, பஞ்சாலை உலை வைத்தாள். கிழங்கு கொதி வருமுன் தூறல் தொடங்கியது. அவள் எழுந்து ஒதுங்கவில்லை. வலக்கையால் பானையைத் துழாவிக்கொண்டே, உதிர்ந்து கிடந்த கமுகம்பாளை ஒன்றை இடக்கையால் எடுத்து, தன் தலை நனைய, அடுப்பின் மேல் குடையாகப் பிடித்துக்கொண்டாள்.