தேன்பூச்சிக்கு ரேஷன் சர்க்கரை

மேல்பட்டாம்பாக்கம், 1965 கார்த்திகை. சொந்தபந்தம் எல்லோருக்கும்,

இன்று ரேஷன் கடையில் கூடுதலாக அரைக் கிலோ சர்க்கரை கேட்டேன், என் தேனீக்களுக்காக.

"மனுசனுக்கே பத்தல, பூச்சிக்குக் கேக்குறீங்களே!" என்றார் கடைக்காரர். வரிசையே சிரித்தது.

அடைமழையில் தேனீக்கள் பத்து நாளாக வெளியே போகவில்லை. பெட்டிக்குள் தின்ன ஒன்றுமில்லை. போன வாரம் சர்க்கரை கிடைக்காமல் வெல்லப்பாகு வைத்தேன். அது ஒத்துக்கொள்ளாமல் வயிறு கழிந்தே மூன்றில் இரண்டு பெட்டித் தேனீக்கள் செத்தன. காலையில்தான் முறத்தில் அள்ளிக் கொட்டினேன். இனி இருப்பது ஒரே பெட்டி.

பின்னால் நின்ற துணிக்கடை காசிம் பாய் மட்டும் சிரிக்கவில்லை.

"அதுங்க மழைக்குன்னு சேத்து வச்சிருக்குமே மாமா, அந்தத் தேனு எங்க போச்சி?"

வெறும் பையோடு வீடு திரும்பினேன்.

தீபாவளி லேகியத்துக்குத் தேன் வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். ஓர் அடை விடாமல் பிழிந்து கொடுத்தவன் நான்தான்.

இந்தக் கடுதாசி கிடைத்ததும் அடுக்களையில் பாருங்கள். ஒரு கரண்டித் தேன் மிச்சமிருந்தாலும் மழையைப் பார்க்காமல் எடுத்து வாருங்கள்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறான் என்று திட்டுவதானால், நேரில் வந்தே திட்டுங்கள். கையில் பாட்டில் இருக்கட்டும்.