ஒரு சொல்லுக் கேட்டன், அம்பாள் முழு வசனமே தந்தா

போன வருசம் பங்குனி மாசம், குளிருக்குப் பூட்டிக் கிடந்த ஐஸ்கிறீம் கடையைத் திறக்கிறதுக்கு முதல் கிழமை, என்ர சிநேகிதன் பியெத்ரோவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சும் நிண்டுபோச்சு. கை விழுந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டன். பேச்சு நிண்டதைத்தான் தாங்க ஏலாமல் போச்சு. அவனுக்குத் தொழிலே கதைதான். ஐஸ்கிறீம் அதுக்குப் பிறகுதான்.

அம்பாளின்ர அடியார்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் எழுதிப் பழகின ஆள் இல்லை. ஐஞ்சாம் வகுப்போட படிப்புக் காணும் எண்டு வெளிக்கிட்டவன். பெருமைக்குச் சொல்லேல்லை, உள்ளதைச் சொல்லுறன்: மீசை முளைக்க முதல் கப்பல் ஏறி, வெங்காயம் உரிச்சு, பிறகு அந்தக் கப்பலின்ர குசினிப் பொறுப்பே எடுத்தவன். கப்டன்மாரோட இங்கிலிசில சண்டை பிடிச்சுத்தான் இங்கிலிஷ் பழகினனான். ஜேர்மனிக்கு வந்து ஹம் நகரத்தில ஒரு றெஸ்ரோறண்டில கோப்பை கழுவினன். அதே குசினியில தலைமைச் சமையல்காரனா நிண்டுதான் பென்சன் எடுத்தன். வீடு வாங்கினன். பிள்ளையளைப் படிப்பிச்சன். எல்லாம் இந்த ரெண்டு கையால.

மனிசி கண்ணை மூடினாப் பிறகு வீட்டை மகனுக்குக் குடுத்திட்டன். "அப்பா, எங்களோடயே இருங்கோ" எண்டு மகன் கேட்டவன்தான். மருமகளும் தங்கமான பிள்ளை. ஆனால் கதிரையில குந்தியிருந்து எப்ப தேத்தண்ணி வரும் எண்டு பாக்கிற ஆளோ நான்?

அந்த நேரந்தான் பியெத்ரோ ரெலிபோன் எடுத்தான். இத்தாலிக்காரன். ஹம் குசினியில என்னோட வேலை செய்தவன். பிறகு மனிசி லூச்சியாவோட ஆஹென் நகரத்துக்குப் போய் ஐஸ்கிறீம் கடை போட்டவன். "இஞ்ச முழுக்க வெளிநாட்டு மாணவர். அரைவாசிப்பேர் உங்கட இந்தியாப் பிள்ளையள். ஜேர்மன் பாசை டொச்சும் தெரியாது, இத்தாலியனும் தெரியாது. இங்கிலிசில கேக்கினம். நான் பேயன் மாதிரி சிரிக்கிறன். மேல் அறை சும்மா கிடக்கு, வா. சாப்பாடு லூச்சியா தருவாள். இங்கிலிஷ் நீ தா" எண்டான். வெளிக்கிட்டிட்டன்.

அந்த வீட்டில எனக்குக் கிடைச்ச அன்பை என்னெண்டு எழுத? வெள்ளிக்கிழமை நான் மச்ச மாமிசம் சாப்பிடுறதில்லை எண்டு ஒருக்காத்தான் சொன்னன். அதுக்குப் பிறகு வெள்ளியில அந்த வீட்டில ஒருத்தருக்கும் இறைச்சி இல்லை. மேல என்ர அறையில இருந்த அம்பாள் படத்தை லூச்சியா ஒருநாள் கீழ கொண்டுவந்திட்டாள். "இவவை ஏன் தனிய விட்டிருக்கிறாய்? சாப்பிடுற இடத்தில இருக்கட்டும்" எண்டு குசினிச் சுவர்த் தட்டில தன்ர மாதாவுக்குப் பக்கத்தில வைச்சாள். பூ வாங்கினால் ரெண்டு பேருக்கும் சரிபாதி. பியெத்ரோ என்ர மிளகாய்த்தூள் போத்தலைக் களவெடுத்து, சொக்லேற் ஐஸ்கிறீமில போட்டு, தான் கண்டுபிடிச்சது எண்டு வித்தான். கள்ளன்.

புத்தகம் வைச்சுப் படிப்பிக்க எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது பஜனை. ஒராள் முன்னுக்குச் சொல்ல, மற்றாக்கள் பின்னுக்குச் சொல்லுறது. கரண்டியால மேசையில தாளம் போடுவன். நான்தான் வாடிக்கையாளர். "குட் ஆஃப்டர்நூன்!" எண்டு எடுத்துக் குடுப்பன். அவன் அதே தாளத்தில "குட் ஆஃப்டர்நூன், மை ஃபிரெண்ட்! கோன் ஓர் கப்?" எண்டு திருப்பிப் பாடவேணும். சாப்பாட்டுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் இதுதான். "இது பாடமோ, விசரோ?" எண்டு கேட்ட லூச்சியாவும் பாத்திரம் கழுவிக்கொண்டு பாடுவாள். கடையில ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை, படிக்க வந்தவ, "அங்கிள், உங்க ஸ்டூடண்ட் சூப்பரா பேசுறாரு!" எண்டா. பியெத்ரோ கடை முழுக்கக் கேக்க என்னைக் காட்டி, "புறொபெசோரே!" எண்டு கத்தினான். ஐஞ்சாம் வகுப்புப் பேராசிரியர். நெஞ்சு நிறைஞ்சுபோச்சு.

அப்பிடிப்பட்டவன்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில வாயைத் திறந்து திறந்து மூடினான். நாங்கள் சொல்லுறது எல்லாம் விளங்கும். திருப்பிச் சொல்ல வராது. கை மெல்ல மெல்ல வரும், பேச்சைப் பற்றி இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது எண்டார் டொக்டர். கொஞ்சநாள் முயற்சி செய்தான். பிறகு விட்டிட்டான். சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்தான். சாப்பாட்டையும் தள்ளிவிட்டான்.

"வாயை மூடு, வாயை மூடு எண்டு கலியாணம் கட்டின நாளில இருந்து பேசினனான்" எண்டு லூச்சியா அழுதாள். "இப்ப வீடு செத்தவீடு மாதிரி இருக்கு."

நான் சூப் வைச்சுக் கொண்டுபோனன். பகிடி விட்டன். பழைய குசினிக் கதையெல்லாம் சொன்னன். ஒண்டுக்கும் திரும்பேல்லை. என்ர ரெண்டு கையாலும் செய்ய ஏலாத ஒண்டை அண்டைக்குத்தான் கண்டன்.

"ஹம் கோயிலுக்குப் போ" எண்டாள் லூச்சியா. "உன்ர அம்மாவிட்ட நீ கேள். என்ர அம்மாவிட்ட நான் கேக்கிறன். ரெண்டு பேரும் தங்களுக்குள்ள கதைச்சு ஒரு முடிவு எடுக்கட்டும்."

ஆஹென்ல ஏறினால் ஹம் வரைக்கும் ஒரே ரயில்தான். வழி முழுக்க அழுதுகொண்டு போனன். வேலைநாள், கோயிலில சனம் இல்லை. மற்ற நேரம் நான் கோயிலுக்குப் போறதே உபயகாரரா, சால்வையோட, நாலுபேர் பாக்க. அண்டைக்கு வெறுங்கையோட நிண்டன். மந்திரமும் தெரியாது, பதிகமும் பாதியிலதான் வரும். "அம்மா, அவனுக்கு ஒரு சொல்லுக் குடு. எந்தப் பாசையெண்டாலும் பரவாயில்லை. பேச்சு வந்தால் உன்ர சந்நிதிக்குக் கூட்டிக்கொண்டு வந்து நன்றி சொல்ல வைக்கிறன்" எண்டன். அவ்வளவுதான் கேட்டது.

அடுத்தநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவன்ர நெத்தியில திருநீறு பூசினன். சாப்பாட்டுத் தட்டு தொடாமல் கிடந்தது. ஊட்டிப் பாப்பம் எண்டுதான் கரண்டியை எடுத்தன். எடுத்த கை, சத்தியமாச் சொல்லுறன், தன்ரபாட்டில மேசையில தட்டத் தொடங்கிச்சு. வாயும் தன்ரபாட்டில "குட் ஆஃப்டர்நூன்!" எண்டிட்டுது.

சுவர்ப்பக்கம் கிடந்த தலை திரும்பிச்சு.

"குட் ஆஃப்டர்நூன், மை ஃபிரெண்ட்! கோன் ஓர் கப்?"

ஒரு எழுத்துப் பிசகேல்லை. அவனே பயந்துபோனான். லூச்சியா கத்தினாள், அழுதாள், சிரிச்சாள், பிறகு அவன்ர தோளில அடிச்சாள். "இத்தனை வருசம் உனக்குச் சமைச்சுப் போட்டவள் நான்! என்ர பேர் வரேல்லை, கோனோ கப்போ எண்டோ கேக்கிறாய்?" அவனும் அழுதழுது சிரிச்சான். நான் கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு நிலத்திலயே இருந்திட்டன்.

பேச்சுப் பயிற்சி குடுக்கிற பிள்ளை வந்து கேட்டுப்போட்டு, தாளத்தோட பழகினது மூளையில வேற இடத்தில இருக்கும், அப்பிடி வாறது உண்டு எண்டா. படிச்ச பிள்ளை, சரியாத்தான் சொல்லுவா. அண்டையில இருந்து அவவும் கரண்டியாலதான் படிப்பிச்சா. ஆனால் நான் அம்பாளிட்டக் கேட்டிட்டு வந்த மற்றநாள் என்ர கையில அந்தக் கரண்டியைத் தந்தது ஆர்? அது எனக்குத் தெரியும்.

வைகாசியில "லூச்சியா" வந்தது. பிறகு இத்தாலியன் கொஞ்சம், டொச் கொஞ்சம். தேருக்கு அவனைக் கூட்டிக்கொண்டு ஹம்முக்குப் போனன். வேட்டி அவன்ர வயித்தில நிக்கேல்லை, பெல்ட் போட்டு இறுக்கினம். "நன்றி அம்மா" எண்டு ரயிலில வழி முழுக்கச் சொல்லிக்குடுத்தன். சந்நிதியில ஐயர் தீபம் காட்டினார். பியெத்ரோவுக்கு வாய் துடிக்குது, ஒண்டும் வரேல்லை. அவன் ஊண்டியிருந்த பொல்லை லூச்சியாவிட்டக் குடுத்தான். இடது கையால தன்ர நெஞ்சில தாளம் போட்டான். அம்பாளை நிமிந்து பாத்து, கோயில் முழுக்கக் கேக்க, "குட் ஆஃப்டர்நூன், மை ஃபிரெண்ட்! கோன் ஓர் கப்?" எண்டான்.

பின்னால நிண்ட சனம் சிரிச்சுது. ஐயரும் சிரிச்சார். "அண்ணை, அம்பாளுக்குக் கப்பிலயே குடுக்கச் சொல்லுங்கோ, பட்டுச்சீலை பழுதாப்போகும்" எண்டார். நான் மட்டும் சிரிக்கேல்லை. என்ர நேர்த்தி நிறைவேறிப்போச்சு எண்டு அம்பாளின்ர முகத்தில கண்டன்.

இப்பவும் நான் பெருமைக்காரன்தான், மாத்த ஏலாது. ஆனால் ரெண்டு கை எண்டு சொல்ல முதல் இப்ப ஒருக்கா அவவை நினைக்கிறன். மந்திரம் தெரியாது, பாட்டு வராது எண்டு ஆரும் தள்ளி நிக்காதேங்கோ. உங்களிட்ட என்ன சொல்லு இருக்கோ அதைச் சொல்லிக் கேளுங்கோ. ஆஹென் பக்கம் வந்தால் கடைக்கும் வாங்கோ. பியெத்ரோ உங்களிட்டயும் அந்தக் கேள்வியைக் கேப்பான். கேட்டவுடன மறுமொழி சொல்லிப்போடாதேங்கோ. கொஞ்சம் நிண்டு அந்தக் குரலைக் கேளுங்கோ. அது அம்பாள் தந்தது.