டயர்க்காரியும் பால் மெஷினும்

லாரி டயரில் காற்று இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் காது ஒன்றே போதும். டயர்க்கடையில் பதினோரு வருஷ வேலை. சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னால் வால்வு வாயில் எச்சில் தொட்டு வைப்பாள். குமிழி வந்தால் கோளாறு அங்கேதான், டயரைப் பிரிக்க வேண்டியதில்லை. "டயர் போச்சு" என்று ஒப்பாரியோடு வந்த டிரைவர்களில் பாதிப் பேரை வால்வை மட்டும் மாற்றித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். தெருவில் அவளுக்குப் பேரே டயர்க்காரிதான். அப்பேர்ப்பட்டவள் பத்து நாள் முட்டாளாக இருந்த கதை இது.

பிள்ளை ஏழு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. ஒன்றேமுக்கால் கிலோ. சப்பிக் குடிக்கத் தெம்பில்லாமல் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தது. தூக்க இன்னும் விடவில்லை. வீட்டில் மெஷின் வைத்துப் பாலெடுத்து பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுப்பது ஒன்றுதான் அவளால் அதற்குச் செய்ய முடிந்தது. முதல் வாரக் கடைசியில் ஒரு தடவைக்கு ஐம்பது மில்லி வந்தது. அப்புறம் நாற்பது, முப்பது என்று இறங்க ஆரம்பித்தது.

மாமியாருக்குச் சுத்தம் ஒரு வியாதி. சோப்பையே கழுவி வைக்கிற ரகம். மெஷினின் புனல், மூடி, ரப்பர் எல்லாவற்றையும் தினம் ஆறு தடவை, தடவைக்கு அரை மணி நேரம் கொதிக்க வைத்தாள். கூட வந்த காகிதத்தில் ஐந்து நிமிஷம் என்று போட்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் என்ன கிருமி சாகும் என்று அந்தக் காகிதத்தையே சந்தேகப்பட்டாள்.

புருஷன் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன். ஒவ்வொரு பாட்டிலையும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். அக்கறையாம். பெண்டாட்டிக்கு எத்தனை மில்லி வந்தது என்று ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் தெரிந்தது. கல்யாணமே ஆகாத சித்தப்பா, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல் என்று எழுதினார். எனக்கெல்லாம் வழிந்து ஓடியது என்று எழுதினாள் நாத்தனார். ஓடட்டுமே, இப்போது யார் கேட்டார்கள்?

மாமியார் அடுப்படியிலிருந்தே பேசினாள். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? டயரைத் தூக்கித் தூக்கி உடம்பு முறுக்கிக் கெடக்கு. அதுல பால் எங்கேருந்து வரும்?"

கடையில் ஒன்று கேட்டால் ஒன்பது திருப்பிக் கொடுக்கிற வாய் டயர்க்காரிக்கு. இங்கே திறக்கவில்லை. ஏனென்றால் அவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். இந்தக் கதையிலேயே பெரிய கேவலம் இதுதான். மாமியார் கொடுத்த கஷாயத்தையெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். தன் கைகளைப் பார்த்து, ஏன் இந்த வேலைக்குப் போனோம் என்றுகூட நினைத்தாள். இறங்க ஆரம்பித்த பத்தாம் நாள் பதினைந்து மில்லிதான் வந்தது.

நர்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, மிச்சத்துக்குப் பொடிப்பால் குடுத்துக்கறோம்," என்றாள். பொடிப்பால் ஒன்றும் விஷமில்லை, பிள்ளைக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. ஆனாலும் அவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீடு வரைக்கும் அழுதாள். பெற்ற பிள்ளைக்குத் தன்னால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை மாமியார் பல் டாக்டரிடம் போயிருந்தாள், புருஷன் டூட்டியில். வீட்டில் உபதேசம் இல்லாத முதல் பொழுது. மெஷினைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. 'புஸ்', கொஞ்சம் விட்டு மறுபடி 'புஸ்'. பதினோரு வருஷமாகக் கேட்ட சத்தம்.

புனலை நெஞ்சிலிருந்து எடுத்து உள்ளங்கையில் அழுத்தி வைத்தாள். நல்ல மெஷின் என்றால் தோலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். இது வழுக்கி விழுந்தது. அடியில் இருந்த சின்ன ரப்பர் வால்வைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மூடியிருக்க வேண்டிய வாய் வெந்து பிளந்து கிடந்தது. கொதிக்கக் கொதிக்க ரப்பர் தளர்ந்து, மெஷின் பாலை இழுக்காமல் காற்றை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பாலை எடுக்க எடுக்கத்தான் ஊறும். எடுக்காமல் விட்டால் உடம்பும் குறைத்துக்கொள்ளும்.

மெஷினோடு வந்த மாற்று வால்வுகள் இரண்டும் மாமியாரின் பீரோவில், துணிக்குள் சுற்றிப் பத்திரமாக இருந்தன. புதுசு அழுக்காகிவிடுமாம்.

மாமியார் வீங்கின கன்னத்தோடு வந்ததும் டயர்க்காரி பழைய வால்வை அவள் கையில் வைத்தாள். "சட்டியில இருந்துச்சு அத்தை. அகப்பையைத்தான் நீங்க வேக வெச்சுட்டீங்க."

"சுத்தமா இருக்கணும்னு செஞ்சது ஒரு குத்தமா?" என்று மாமியார் மரத்துப்போன வாயால் கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

புது வால்வில் அன்றைக்கே முப்பது மில்லி வந்தது. பத்து நாள் நஷ்டத்தை ஈடு கட்ட மூன்று மணிக்கொரு தடவை உட்கார்ந்தாள். அடுத்த வாரம் அறுபதைத் தொட்டு அங்கேயே நின்றது. அதற்குள் பிள்ளையின் பசியும் வளர்ந்திருந்தது, பொடிப்பால் கொஞ்சம் சேர்ந்தே போயிற்று. புருஷன் பாட்டிலைப் போட்டோ எடுத்து, "அம்மாவோட கஷாயம் வேலை செஞ்சிடுச்சு" என்று போட்டான். இருபத்திமூன்று பேர் கை கூப்பினார்கள். சித்தப்பா தண்ணீர்தான் காரணம் என்று வாதாடினார். வால்வைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளையை முதல் தடவையாக அவள் நெஞ்சில் வைத்தார்கள். அது வாயைத் திறந்து தேடியது. "மன்னிச்சுக்கடா கண்ணு, பத்து நாள் உன்னைப் பட்டினி போட்டுட்டேன்," என்றாள்.

ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை அது. அந்தக் குடும்பத்தில் மன்னிப்புக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.