உறுப்பினர் ஐயா சாப்பிட்ட இடம்

தங்க நிற விளிம்பு போட்ட மூக்குக் கண்ணாடி. கிணற்றைப் பார்வையிட வந்த தீர்ப்பாய உறுப்பினர் ஐயா, எங்கள் பெரியம்மாவின் மோட்டார் கொட்டகைச் சுவர்மேல் அதை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். பெரியம்மா முந்தானையால் அதைத் துடைத்து, கண்ணாடியில் விரல் படாமல் பிடித்துக்கொண்டு, “பாவம், இது இல்லாம கேஸ் கட்ட எப்படிப் படிப்பாரு? வாடி, குடுத்துட்டு வந்துருவோம்” என்றாள். உச்சி வெயிலில் சுரங்கத்தார் விருந்தினர் மாளிகையை நோக்கி இருவரும் நடந்தோம். அவர் அங்கேதான் இருக்கிறார் என்று வழியில் ஒருவர் சொல்லியிருந்தார். ஓய்வெடுக்கப் போயிருப்பார் என்றுதான் நினைத்தோம்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. கீழப்பழுவூருக்குப் பக்கத்து ஊர். எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கியதில் எங்கள் குடும்பத்தில் முதல் ஆள் அவளும் பெரியப்பாவும்தான். பெரியப்பா இறந்த பிறகு அவள் தனியாகவே பருத்தி போட்டாள். அருகில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் வந்தது. அங்கே வெடி வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பாத்திரம் அதிரும். கிணற்றுச் சுவரில் விரிசல் விட்டது. ஒரு கோடையில் இறங்கிய தண்ணீர் அடுத்த மழைக்கும் ஏறவில்லை. வெடியால்தான் கிணறு கெட்டது என்று அவள் தீர்ப்பாயத்துக்கு மனு போட்டாள். நான் அப்போது கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அரியலூரில் விசாரணை நடக்கும் நாளெல்லாம் அவளோடு நான்தான் போவேன்.

அன்று உறுப்பினர் வந்து இறங்கியது சுரங்கத்தின் காரில். கூடவே சுரங்க மேலாளர். எனக்கு அப்போதே உறுத்தியது. பெரியம்மாதான், “இந்த ஊருக்கு பஸ் ஏதுடி, எதுலயாவது வரணும்ல” என்று அடக்கினாள். மனிதர் நன்றாகத்தான் பேசினார். குனிந்து விரிசலைப் பார்த்தார், கேள்வி கேட்டார், குறித்துக்கொண்டார். வெயிலில் நிற்கிறாரே என்று பெரியம்மா ஒரு சொம்பு மோரை நீட்டினாள். அவர் இரண்டு கையையும் கூப்பினார். “வேண்டாம்மா. வழக்குல இருக்கிறவங்க கையால நாங்க எதையும் வாங்கக் கூடாது. அது எங்க விதி.”

பெரியம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். காரணம் சொல்லாமலே எங்கள் வீட்டுத் தண்ணீரை மறுத்தவர்கள் அவள் வாழ்க்கையில் நிறையப் பேர். இவர் காரணம் சொல்லி மறுத்தார். அதுவும் மதிக்கக்கூடிய காரணம். கார் கிளம்பியதும், “பாத்தியா, இவருதான் மனுசன். நமக்கு நியாயம் கிடைச்சிரும்” என்றாள்.

விருந்தினர் மாளிகையின் கண்ணாடிக் கதவு வழியே அவரைப் பார்த்தோம். தலைவாழை இலை. மேலாளர் நின்றுகொண்டு தன் கையாலேயே குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். உறுப்பினர் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். “அடடா, நன்றிம்மா” என்று கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவர் முகத்தில் துளி சங்கடம் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

திரும்பி வரும்போது பெரியம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள். பிறகு கேட்டாள்: “அப்ப, மோருதான் ஆவாதா? இல்ல நம்ம கைதான் ஆவாதா?”

அடுத்த விசாரணையில் எங்கள் வக்கீல் எவ்வளவோ தடுத்தும் அவள் எழுந்து நின்றாள். “ஐயா, ஒண்ணு கேட்டுக்கிறேன். எங்க மோரு விதிக்கு ஆவாதுன்னீங்க. அவங்க சோறு மட்டும் எப்படிங்க ஆச்சு?”

அவர் பக்கத்தில் இருந்த இன்னொரு உறுப்பினர் காகிதத்தைவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. விருந்து சாப்பிட்டவர் மட்டும் அமைதியாகச் சொன்னார்: “இப்படிப் பேசுறது அவமதிப்பும்மா. படிக்காதவங்கங்கிறதால விடுறேன். உக்காருங்க.” மன்னித்தது அவராம். ‘ஆமாம், சாப்பிட்டேன், இந்த வழக்கை வேறொருவர் விசாரிக்கட்டும்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குக்கூட அவர் எங்களைத் தகுதியாக நினைக்கவில்லை.

மனு தள்ளுபடியானது. மழை குறைவு, சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகிவிட்டன, நீர் இறங்கியதற்கு வெடிதான் காரணம் என்பதற்குச் சான்றில்லை என்று தீர்ப்பு வந்தது. மேலே போக எங்களுக்கு வசதி இல்லை. ஒரு வருடம் போல அவள் மானாவாரியாக எதையோ விதைத்துப் பார்த்தாள். பிறகு நிலத்தை விற்றுவிட்டு, பெரம்பலூரில் என்னோடு வந்து தங்கிவிட்டாள். வாங்கியது சுரங்கம்தான், வேறு யார் வாங்குவார்கள்?

அதற்குப் பிறகுதான் நான் சட்டம் படித்தேன். இப்போது பெரம்பலூரில் வக்கீல். நீதிமன்ற வாசல் டீக்கடையில் இந்தக் கதையைச் சொன்னால், “ஒரு வேளைச் சாப்பாட்டுல என்னம்மா இருக்கு? அதுக்காகவா தீர்ப்ப மாத்திருவாங்க?” என்று சிரிக்கிற மூத்தவர்கள் இருக்கிறார்கள். அவர் மாற்றினார் என்று நான் சொல்லவே இல்லை. போன மாதம் அந்தத் தீர்ப்பை எடுத்து வரிவரியாகப் படித்தேன். காரணங்கள் சரியாகத்தான் இருக்கின்றன. எங்கள் தரப்பில் நிபுணர் அறிக்கை ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் ஒருவேளை அப்படித்தான் எழுதியிருப்பேன். படித்து முடித்தபோது என் கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது. சரியான தீர்ப்பையே ஒருத்தியால் நம்ப முடியாதபடி செய்ய ஒரு இலைச் சாப்பாடு போதுமாக இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் பெரியம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறைக்க மனசு வராமல் சொல்லிவிட்டேன். “பெரியம்மா, அந்தத் தீர்ப்புல தப்பு இல்ல போலருக்கு.”

கத்தி நிற்கவில்லை. “இருக்கலாம்டி. தோக்குறது எனக்கென்ன புதுசா? ஆனா கேஸ்ல தோத்தனா, அந்த எலையில தோத்தனான்னு தெரியாமயே நான் போய்ச் சேரணுமா?”

அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டிய உறுப்பினர் ஐயா ஓய்வு பெற்று, எங்கேயோ நிம்மதியாக இருக்கிறார்.