பாண்டியம்மாளுக்கு நாலு வரி

சூரியபிரகாஷின் சட்டைகள் எல்லாமே வயிற்றுப் பக்கம்தான் முதலில் வெளுக்கும். பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாளை வாங்குவதற்கு முன்னால் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைப்பான். கல்லூரியில் மேடைக்குக் கூப்பிட்டால் துடைப்பான். இப்போது கீபோர்டில் கை வைப்பதற்கு முன்னால் துடைக்கிறான். வாடிப்பட்டியிலிருந்து அவன் அம்மா வரும்போதெல்லாம், "சோப்பை மாத்துடா, துணியை அரிச்சுத் திங்குது" என்பாள். சோப்பின் மேல் குற்றமில்லை என்று அவனுக்குத் தெரியும்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி அவன்தான். பி.ஏ. தமிழ். வேலை, மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் மொக்கைச்சாமி அண்ணனின் பிளக்ஸ் கடையில். கல்யாணமோ, காதுகுத்தோ, சாவோ, போட்டோவுக்குக் கீழே வருகிற வரிகளை அவன்தான் எழுதுவான். "இத்தனை நாள் தப்பிச்ச எங்க மாப்ள, இன்னைக்கு மாலையோட மாட்டிக்கிட்டான்" என்று ஒரு கல்யாணத்துக்கு எழுதினான். அப்புறம் வந்தவர்கள் எல்லாம் அதையே கேட்டார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதுவதில் அவனுக்கு ஒருநாளும் தடங்கல் வந்ததில்லை.

சங்கிலியின் அம்மா பாண்டியம்மாளுக்கு மட்டும் எழுத வரவில்லை.

சங்கிலி அவனோடு படித்தவன். இப்போது பூ மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். படிக்கிற காலத்தில் சூரியபிரகாஷ் தங்கியிருந்தது சங்கிலி வீட்டு மாடியறையில். பாண்டியம்மாள் வாசலில் இட்லி விற்பாள். முதல் ஈடு இட்லி அவனுக்குத்தான், அதற்கப்புறம்தான் வியாபாரம். அவளுக்கு எழுத்து தெரியாது. தெருவில் நடக்கும்போது சுவர் போஸ்டர்களை அவனை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். ஒருநாள் கண்ணீர் அஞ்சலி ஒன்றை வாசித்ததும் சிரித்துவிட்டாள்.

"ஏய்யா, போன மாசம் செத்த சைக்கிள் கடைக்காரருக்கும் இதையேதான வாசிச்ச? நான் செத்தா எனக்குன்னு தனியா எழுதணும், ஆமா."

"எழுதுறேன் அத்தை. நீங்க மொதல்ல சாகுங்க."

"திமிரப் பாரு!" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

போன வருஷம் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்ச் சேர்ந்தாள். உடலைத் தூக்குவதற்குள் போஸ்டர் ஒட்டியாக வேண்டும். சாவுப் போஸ்டரை யாரும் புதிதாக ஆரம்பிப்பதில்லை. பழைய ஃபைலைத் திறந்து போட்டோ, பேர், தேதியை மாற்றுவதுதான் கடை வழக்கம். சூரியபிரகாஷும் அழுதுகொண்டே அதைத்தான் செய்தான். போஸ்டர் சுவரில் ஏறிய பிறகுதான் கீழே இருந்த வரியைப் பார்த்தான். "எங்கள் குலம் காத்த ஆலமரமே, உன் விழுதுகள் தவிக்கின்றோம்." சைக்கிள் கடைக்காரரின் வரி. அவள் சிரித்த அதே வரி.

சங்கிலிக்கு அது தெரியாது. "முதல் வருஷ நினைவுக்குப் புதுசா நாலு வரி எழுதித் தாரேன் மாப்ள" என்று சூரியபிரகாஷ் தானாகத்தான் வாக்குக் கொடுத்தான்.

வருஷம் திரும்பியது. "அத்தை" என்று அடித்தால், அடுத்து வருகிற வார்த்தை எல்லாம் ஏற்கெனவே ஏதோ ஒரு சுவரில் இருந்தது. இட்லியைப் பற்றி எழுதினான், ஹோட்டல் விளம்பரம் மாதிரி இருந்தது. சிரிப்பைப் பற்றி எழுதினான், தனக்கே பொய்யாகப் பட்டது. எனக்கென்று ஒரு சொல்கூட இல்லையா? படித்ததெல்லாம் அடுத்தவன் வரியை ஒட்டுப்போடத்தானா? இல்லை, அவள்மேல் எனக்குப் பாசமே இருந்ததில்லையா? கடைசிக் கேள்வி வந்தால் சோறு இறங்காது.

"நாலு வரிக்கு ஏன்டா இம்புட்டு அல்லாடுற?" என்றார் மொக்கைச்சாமி. "பழைய ஃபைலைத் தொற, பேரை மாத்து."

நாள் நெருங்கியபோது சங்கிலி அவனை மதியக் காட்சிக்கு இழுத்துப் போனான். "மண்டை காஞ்சு திரியிற. வா."

படத்தில் ஒரு பாட்டெழுதுகிறவன். பல்லவி வரவில்லை. பேனாவைத் தொடுவதற்கு முன்னால் கையைச் சட்டையில் துடைத்தான். தியேட்டரே சிரித்தது.

"மாப்ள, உன்னையப் பாத்துத்தான்டா எடுத்துருக்கான்!" என்று சங்கிலி விலாவில் குத்தினான்.

படத்தில் அந்தப் பாட்டுக்காரன் போனில், "முடிஞ்சிருச்சு சார், கடைசி வரிதான்" என்றான். அன்றைக்குக் காலையில் சூரியபிரகாஷ் சங்கிலியிடம் சொன்ன அதே பொய். பிறகு அந்தப் பாட்டுக்காரன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, மூச்சு கிடைக்காமல் வாயைப் பிளந்தான். அதற்கும் சிரித்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்று சூரியபிரகாஷ் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் திரை கொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு ஆசையும் எட்டிப் பார்த்தது. இதை எடுத்தவனும் இதைப் பட்டிருக்கிறான். அப்படியென்றால் வெளியே வந்த வழியும் அவனுக்குத் தெரிந்திருக்கும். இடைவேளையில் எழுந்திருக்காமல், டாக்டர் வாயைப் பார்க்கிற நோயாளி போல உட்கார்ந்திருந்தான்.

இடைவேளைக்குப் பிறகு படத்தில் மழை பெய்தது. பாட்டுக்காரன் நனைந்தான். புல்லாங்குழல் கேட்டது. ஓடிப்போய் ஒரே மூச்சில் எழுதினான். பாட்டு. விசில்.

அவ்வளவுதானா? அதுவரை அந்தப் படத்தில் ஒரு பொய் இல்லை. அதற்கப்புறம் ஒரு உண்மை இல்லை. சூரியபிரகாஷுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. திரும்பினால், சங்கிலி அழுதுகொண்டிருந்தான்.

"மாப்ள, நீயும் இப்புடித்தான் எழுதுவ. எங்கம்மாவுக்கு ஒரே மூச்சுல எழுதுவடா. எனக்குத் தெரியும்."

"எனக்கு வரலடா, சங்கிலி."

"அவனுக்கும் வரலேல்ல? அப்பறம் வந்துச்சுல்ல?"

தியேட்டரிலிருந்து நேராகக் கடைக்குப் போய்ச் சங்கிலி சொன்னான்: "அண்ணே, அம்மா போட்டோ, தேதி எல்லாம் போட்டு அடிங்க. கீழ மட்டும் எடம் விடுங்க. மாப்ள கையால எழுதுவான்."

நினைவு நாள் காலையில் பூ மார்க்கெட் சுவரில் போஸ்டர் ஏறியது. சொந்தக்காரர்கள் மாலையோடு நின்றார்கள். சங்கிலி மார்க்கரை மூடி கழற்றிக் கொடுத்தான். போட்டோவுக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்கு வெள்ளையாக இடம். சூரியபிரகாஷ் கையைத் தூக்கினான். ஆலமரமும் விழுதும் முந்திக்கொண்டு வந்து நின்றன. வேறொன்றும் வரவில்லை. பூமூட்டை தூக்கி வந்தவர்கள் அவனை ஒதுங்கச் சொல்லிக் கடந்தார்கள்.

"சாயந்தரம் வந்து எழுதுறேன் மாப்ள" என்றான்.

"அவசரமில்லடா. நல்லா வரட்டும்."

அன்று சாயந்தரம் அவன் போகவில்லை. இப்போது மார்க்கெட்டுக்குப் பின்பக்கமாகத்தான் வேலைக்குப் போகிறான். சங்கிலி பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுக்கிறான். வரிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்த இடத்தில் வேறு போஸ்டர் ஒட்ட வருகிறவர்களோடு சங்கிலி சண்டை போடுவதாக மொக்கைச்சாமி சொன்னார். "எடம் ஒரு ஆளுக்குச் சொல்லி வச்சதுய்யா, எழுத வாரான்" என்கிறானாம்.

நாலு வரியும் அப்படியே பாக்கி நிற்கிறது.